போர்வெல் கேசிங் உடைந்தால் என்ன செய்வது? முதலில் உடைந்த இடத்தைக் கண்ணால் பாருங்கள்

மழை பெய்த மறுநாள் மாடித் தொட்டியில் செம்மண் கலங்கலாகத் தண்ணீர் விழுந்தால், நம்மில் பலர் முதலில் கூப்பிடுவது மோட்டார் மெக்கானிக்கைத்தான். அவர் பார்த்துவிட்டு, "போர்ல சேறு சேர்ந்திருச்சு, ஃப்ளஷிங் பண்ணிடுங்க" என்பார். கம்ப்ரஸர் வண்டி வந்து, காற்றை அடித்து உள்ளே இருக்கும் சேற்றை வெளியே தள்ளும். ஒரு மாதம் கண்ணாடி மாதிரி தண்ணீர் வரும். அடுத்த மழைக்கு மறுபடியும் செம்மண்.

சேலம் பக்கம் எங்கள் வீட்டில் இதேதான் நடந்தது. இரண்டு முறை ஃப்ளஷிங் செய்தோம், ஒரு முறை பம்பையே மாற்றினோம். அதற்குப் பிறகுதான் போருக்குள் கேமரா விட்டுப் பார்த்தோம். சரியாக 20 அடியில், கேசிங்கின், அதாவது மண்ணைத் தாங்கப் போர்த் துளைக்குள் இறக்கியிருக்கும் பைப் வரிசையின், முதல் பைப்பும் இரண்டாவது பைப்பும் சேரும் ஜாயின்ட் விட்டுப்போய், ஒரு பக்கம் விரல் நுழையும் அளவுக்கு வாய் பிளந்திருந்தது. அந்தப் பிளவிலிருந்து ஈரமான செம்மண் கட்டி கட்டியாக உதிர்வது திரையில் தெரிந்தது. எங்களுக்குப் போன பணமும் அலைச்சலும் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கேசிங் செய்யும் வேலை

சேலம், நாமக்கல், தருமபுரி, கோவை போன்ற பாறைப் பகுதிகளில் போர் முழுக்கவும் பைப் இருக்காது. மேலே உள்ள மண், சரளை, உதிரும் பாறை ஆகியவற்றைத் தாண்டிக் கடும்பாறை வரும் வரைக்கும்தான் கேசிங். அது 20 அடியாகவும் இருக்கலாம், 100 அடியைத் தாண்டியும் போகலாம். அதற்குக் கீழே வெறும் பாறைத் துளைதான். மேல்மண் துளைக்குள் சரியாமல் தாங்குவதும், மழைத் தண்ணீரும் சாக்கடைத் தண்ணீரும் நேராக உள்ளே இறங்காமல் தடுப்பதும் கேசிங்கின் இரண்டு வேலைகள். இரண்டாவது வேலையைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

போர் போடும்போது அடிக்கு இவ்வளவு என்று கேசிங்குக்குத் தனியாகக் காசு வாங்குவார்கள். அதனால் "பாறை வந்துருச்சு, இதோட நிறுத்திக்கலாமா?" என்ற கேள்விக்கு வீட்டுக்காரரும் சந்தோஷமாகத் தலையாட்டிவிடுவார். வந்தது கடும்பாறையா, மேலே கிடந்த உதிரிப் பாறையா என்று யாரும் பார்ப்பதில்லை. கேசிங்கின் அடி முனை கடும்பாறைக்குள் சில அடியாவது இறங்கி உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படி உட்காராத பைப்புக்கு அடியில் மண் கரைந்து வெற்றிடமாகிறது. பைப் மெல்ல இறங்குகிறது, ஜாயின்ட் இழுபடுகிறது. பிற்பாடு வருகிற தொல்லைகளில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

இரும்புக் கேசிங் என்றால் துரு. தண்ணீர் ஏறி இறங்கும் மட்டத்தில், காற்றும் ஈரமும் மாறி மாறிப் படும் இடத்தில் முதலில் ஓட்டை விழும். பி.வி.சி. என்றால் மெல்லிய பைப்பும், ஒட்டும் பசையான சால்வென்ட் காய்வதற்குள் அவசரமாக இறக்கிய ஜாயின்ட்டும்தான் முக்கியக் காரணங்கள். மோட்டார் ஆன் ஆகும் ஒவ்வொரு முறையும் பம்ப் ஒரு வெட்டு வெட்டித் திரும்பும். பம்ப் கேசிங்குக்குள்ளேயே தொங்கினால் வருடக்கணக்கில் அதே இடத்தில் உரசி உரசிப் பைப் தேய்ந்துவிடும். சிக்கிக்கொண்ட மோட்டாரை முரட்டுத்தனமாக இழுத்ததில் கேசிங் கிழிந்த வீடுகளும் உண்டு.

அறிகுறிகள்

மழைக்குப் பிறகு மட்டும் கலங்கல் வருவது மிக முக்கியமான அடையாளம். வருடம் முழுக்க ஒரே மாதிரி கலங்கினால் காரணம் பாறை இடுக்கில் உள்ள களிமண்ணாகவும் இருக்கலாம். மழையோடு சேர்ந்து வருகிறது என்றால் மேல்மண் இறங்குகிறது என்று பொருள். தொட்டியின் அடியில் மணலும் பொடிக்கல்லும் சேர்வது, தண்ணீரில் வேர்த் துணுக்கோ புழுவோ தென்படுவது, திடீரென்று நாற்றம் அடிப்பது, பம்புக்குள் சுழலும் இம்பெல்லர் ஒரே வருடத்தில் தேய்ந்துபோவது, இவையும் கவனிக்க வேண்டியவை. போரைச் சுற்றியுள்ள சிமெண்ட் மேடையைச் சுத்தியலால் லேசாகத் தட்டிப் பாருங்கள். பானையைத் தட்டுவது போல் ஓசை வந்தால் அடியில் மண் இல்லை. அந்த மேடையின் மேல் யாரும் ஏறாமல், முக்கியமாகக் குழந்தைகள் போகாமல், உடனே தடுப்பு வையுங்கள்.

இந்த அறிகுறிகள் இருந்தால் ஃப்ளஷிங் வேண்டாம். உடைந்த கேசிங்கோடு கம்ப்ரஸர் காற்றை விட்டால், அந்தக் காற்றும் தண்ணீரும் பிளவின் வழியாகப் பைப்புக்கு வெளியே பாய்ந்து மண்ணை இன்னும் அரித்துவிடும். ஃப்ளஷிங் செய்ய வேண்டியதுதான், ஆனால் பழுது பார்த்த பிறகு. அதுவரை அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் பயன்படுத்தாதீர்கள்.

மோட்டாரைத் தூக்குவது

ஸ்டார்ட்டரை ஆஃப் செய்தால் மட்டும் போதாது. மெயினை இறக்கி, ஃபியூஸ் கேரியரைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். தூக்கும்போது வீட்டில் யாரோ பழக்கதோஷத்தில் சுவிட்சைத் தட்டிவிடக்கூடும். தூக்குகிற வேலையை அதற்கென்று இருக்கிற ஆட்களிடம் விடுங்கள். முக்காலியும் செயின் பிளாக்கும் பைப்பைப் பிடிக்கும் கிளாம்பும் அவர்களிடம் இருக்கும். கேபிளைப் பிடித்து இழுக்க விடாதீர்கள். எத்தனை பைப் வெளியே வந்தது என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். பம்ப் இருந்த ஆழம் அதிலிருந்தே தெரிந்துவிடும்.

தூக்கும்போது ஓரிடத்தில் மோட்டார் இடித்து நின்றால் பலத்தைக் காட்டாமல், சற்று இறக்கிக் கொஞ்சம் திருப்பி மறுபடி ஏற்றச் சொல்லுங்கள். இடிக்கும் ஆழத்தைக் குறித்து வையுங்கள். கேசிங் உள்பக்கமாக மடிந்திருப்பது பெரும்பாலும் அங்கேதான். வெளியே வந்த பம்ப், பைப், கேபிள் எல்லாவற்றையும் ஒரு பார்வை பாருங்கள். ஒரே உயரத்தில் நீளமான கீறலோ செம்மண் பூச்சோ இருந்தால் அதுவும் ஒரு தடயம்.

உள்ளே பார்ப்பது

செலவே இல்லாத வழி, முகம் பார்க்கும் கண்ணாடி. நல்ல வெயிலில் கண்ணாடியைப் பிடித்துச் சூரிய ஒளியைத் துளைக்குள் திருப்புங்கள். டார்ச் காட்டாததைக் கூட இது காட்டும். கை சற்று ஆடினால் ஒளி வட்டம் சுவரில் மேலும் கீழும் ஓடும். மெல்ல நகர்த்தினால் ஒவ்வொரு ஜாயின்ட்டும் வளையமாகத் தெரியும். நல்ல பைப்பில் அந்த வளையம் சீராக இருக்கும். உடைந்த இடத்தில் அது கோணலாக இருக்கும், அல்லது கீழே ஒரு செம்மண் தாரை வழிந்து காய்ந்திருக்கும். காதையும் வைத்துக் கேளுங்கள். மோட்டார் ஓடாமல் நிறுத்தி வைத்திருக்கும்போதும் உள்ளே சொட்டுச் சொட்டென்று தண்ணீர் விழும் ஓசை வந்தால், எங்கிருந்தோ மேல் தண்ணீர் இறங்குகிறது. குனியும்போது பாக்கெட்டில் போன், பேனா, சாவி எதுவும் இருக்க வேண்டாம்.

கண்ணாடியில் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் ஒரு தடவை போர்வெல் கேமரா விட்டுப் பார்த்துவிடுங்கள். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள், பின்னால் செய்யப்போகும் ஒவ்வொரு முடிவும் இதை வைத்துத்தான். கேமராக்காரரிடம் நான்கு விவரம் கேட்டு வாங்குங்கள்: உடைப்பு எத்தனை அடியில், கேசிங் முடிவது எத்தனை அடியில், கடும்பாறை தொடங்குவது எத்தனை அடியில், ஊற்றுக்கண்கள் எத்தனை அடியில். வீடியோவையும் போனில் ஏற்றித் தரச் சொல்லுங்கள்.

மூன்று வழிகள்

உடைப்பு தரையிலிருந்து நாலைந்து அடிக்குள் இருந்தால் தோண்டி வெட்டி ஒட்டிவிடலாம். அதற்குக் கீழே என்றால் உள் கேசிங், அதாவது பழைய பைப்புக்குள் அதைவிடச் சிறிய பைப்பை இறக்குவது. மூன்றாவது வழி பழைய கேசிங்கை உருவிவிட்டுப் புதிதாகப் போடுவது. இதை நான் யாருக்கும் எளிதில் சொல்ல மாட்டேன். மண்ணுக்குள் வருடக்கணக்கில் இறுகிய பி.வி.சி. பைப் முழுசாக வராது, துண்டு துண்டாக உடைந்து போருக்குள்ளேயே விழும். இரும்பு என்றால் போர் போடும் ரிக் வண்டியை வைத்து உருவ வாய்ப்புண்டு. ஆனால் உருவிய கணத்திலேயே மேல்மண் சரியத் தொடங்கும். அந்தச் செலவுக்குப் பக்கத்தில் புது போரே போட்டுவிடலாம் என்ற நிலைதான் பெரும்பாலும் வரும்.

எந்த வழியானாலும் ஆள் வரச்சொல்வதற்கு முன் உங்கள் ஊராட்சி அல்லது நகராட்சி அலுவலகத்தில் அனுமதி பற்றிக் கேட்டுவிடுங்கள்.

மேல்பகுதி உடைந்திருந்தால்

முதல் வேலை, துளையை அடைப்பது. பழைய சாக்கைச் சுருட்டி, நைலான் கயிற்றில் இறுகக் கட்டி, வெட்டப்போகும் இடத்துக்குக் கீழே இரண்டடி வரை பைப்புக்குள் திணியுங்கள். கயிற்றின் மறுமுனையை வெளியே ஒரு கம்பியில் கட்டுங்கள். தோண்டும்போது விழும் ஒரு கல், பின்னால் மோட்டாருக்கும் பைப்புக்கும் நடுவில் ஆப்பு மாதிரி இறங்கி மோட்டாரையே எடுக்க முடியாமல் செய்துவிடும்.

சுற்றிலும் ஆள் உட்கார்ந்து வேலை செய்யும் அளவுக்கு அகலமாகத் தோண்டுங்கள். இடுப்பளவுக்கு மேல் ஆழம் போனால் பக்கங்களைச் சரிவாக வெட்ட வேண்டும். உடைப்புக்குக் கீழே நல்ல பைப் தெரியும் வரை போய், அங்கே ஹாக்ஸா பிளேடால் நேராக வெட்டுங்கள். பைப்பைச் சுற்றி ஒரு காகிதத்தை விளிம்போடு விளிம்பு சேரச் சுற்றி, அதன் ஓரமாகக் கோடு போட்டால் வெட்டு கோணாது. பிசிறை அரத்தால் தேய்த்து, ஈரத்தையும் மண்ணையும் சுத்தமாகத் துடைத்து, இரண்டு பைப்பை இணைக்கும் கப்ளிங்கின் உள்பக்கமும் பைப்பின் வெளிப்பக்கமும் சால்வென்ட் தடவி, கால் திருப்புத் திருப்பி அழுத்திப் பிடியுங்கள். டப்பாவில் எழுதியிருக்கும் நேரம் வரை அசைக்கக் கூடாது.

ஜாயின்ட் பலமாக இருக்கட்டும் என்று சிலர் சுற்றிலும் ஸ்க்ரூ அடிப்பார்கள். அந்த ஸ்க்ரூவின் நுனி உள்ளே அரை சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தால் போதும், மோட்டார் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் கேபிளைக் கிழிக்கும். தண்ணீருக்குள் கிழிந்த கேபிள் ஆளைக் கொல்லும். ஸ்க்ரூ வேண்டவே வேண்டாம்.

புது பைப்பின் தலை தரையிலிருந்து ஒன்றரை அடியாவது உயர்ந்திருக்கட்டும். வாசல் அழகு கெடுகிறது என்று தரைமட்டத்துக்கு வெட்டி, மேலே டைல்ஸ் மூடி போட்டிருப்பதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். கழுவி விடும் தண்ணீர் எல்லாம் நேராகப் போருக்குள்தான் போகும். குழியைக் களிமண்ணால் அரை அடி அரை அடியாகக் குத்தி மூடி, மேலே வெளிப்பக்கம் சரிவாகச் சிமெண்ட் மேடை கட்டுங்கள். கடைசியில் சாக்கை உருவ மறக்காதீர்கள்.

உள் கேசிங் இறக்குவது

முதலில் அளவு. வீட்டு போர்கள் பெரும்பாலும் ஆறரை இஞ்ச் அல்லது நாலரை இஞ்ச். ஆறரை இஞ்ச் போர், அதாவது 165 மி.மீ. துளைக்குள் 140 மி.மீ. வெளிவிட்டமுள்ள பைப்பை இறக்கினாலும் 4 இஞ்ச் சப்மெர்சிபிள் பம்புக்கு உள்ளே இடம் இருக்கும். நாலரை இஞ்ச் போரில் உள் கேசிங் இறக்கினால் 4 இஞ்ச் பம்ப் போகாது. 3 இஞ்ச் பம்புக்கோ, காற்றை அடித்துத் தண்ணீரை மேலேற்றும் கம்ப்ரஸர் முறைக்கோ மாற வேண்டியிருக்கும். தண்ணீர் குறையும் என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

கடையில் சாதாரணத் தண்ணீர்ப் பைப்பைத் தலையில் கட்டிவிடுவார்கள். போர்வெல் கேசிங்குக்கென்றே ஐ.எஸ். 12818 என்ற இந்தியத் தர எண் இருக்கிறது, பைப்பின் மேலேயே அச்சிட்டிருக்கும். அதில் சி.எஸ். வகை 80 மீட்டர் வரைக்கும், சி.எம். வகை 250 மீட்டர் வரைக்கும். 100 அடிக்குள் இறக்குவதற்கு சி.எஸ். போதும் என்றாலும், சரிகிற மண் என்றால் நான் சி.எம். வாங்கச் சொல்வேன். திரெட் உள்ளதாக வாங்குங்கள். பைப்பின் அளவோடு ஜாயின்ட் இருக்கும் இடத்தின் வெளி அளவையும் டேப் வைத்துப் பாருங்கள். சாக்கெட் புடைத்திருந்தால் அதுதான் போய்ச் சிக்கும்.

இறக்குவதற்கு முன் ஒத்திகை அவசியம். அதே அளவில் 10 அடித் துண்டு ஒன்றைக் கயிற்றில் உறுதியாகக் கட்டி, இறக்க வேண்டிய ஆழம் வரை விட்டு எடுங்கள். அது உரசாமல் போய் வந்தால்தான் மற்றது. சிக்கினால் பழைய கேசிங் மடிந்திருக்கிறது என்று பொருள். அங்கே சுத்தியலைத் தேடாமல் ரிக்காரரிடம் பேசுங்கள்.

உடைந்த இடத்தைத் தாண்டியதும் நிறுத்திவிடலாம் என்று ஆட்கள் சொல்வார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். பழைய கேசிங் முடியும் இடத்தையும் தாண்டி, கடும்பாறைக்குள் 10 அடியாவது புதுப் பைப் போக வேண்டும். அந்த இடைவெளியில் நல்ல ஊற்றுக்கண் இருந்தால் பைப் அதை அடைத்துவிடும் என்பதால்தான் கேமராவில் ஊற்றின் ஆழத்தைக் குறிக்கச் சொன்னேன்.

பைப்பின் அடிமுனைக்குச் சற்று மேலே ரப்பர் பேக்கர் மாட்டி இறக்குங்கள். துளையைவிடக் கொஞ்சம் பெரிய ரப்பர் வளையம் அது. பாறைச் சுவரில் இறுகி, மேலே இருந்து வரும் மண்ணையும் சிமெண்டையும் கீழே விடாமல் தாங்கும். ஒவ்வொரு பைப்பையும் கிளாம்பில் நிறுத்தி, அடுத்ததைத் திருகி, அப்புறம் இறக்க வேண்டும். முழுதும் இறங்கிய பிறகும் மேல் கிளாம்பைக் கழற்றாதீர்கள், சிமெண்ட் இறுகும் வரை அந்தப் பைப் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

இரண்டு பைப்புக்கும் நடுவில் உள்ள சந்தினை அடைப்பதுதான் இந்த வேலையின் உயிர். இதைச் செய்யாமல் விட்டால் பழைய உடைப்பில் இறங்கும் கலங்கல், புதுப் பைப்பின் வெளிப்பக்கமாக வழிந்து கீழே போய்ச் சேர்ந்துவிடும், செலவு மட்டும்தான் மிச்சம். பேக்கருக்கு மேலே முதல் இரண்டு மூன்று அடிக்கு பெண்டோனைட் போடுங்கள். ஈரம் பட்டால் உப்பிப் பெருகும் களிமண் இது, எர்த்திங் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். குருணையாகக் கிடைத்தால் நல்லது. தூளாகத்தான் கிடைத்தது என்றால் கெட்டியாகப் பிசைந்து, பட்டாணி அளவில் உருட்டி, நிழலில் உலர்த்திக்கொள்ளுங்கள். கை கையாகப் போட வேண்டும், அவசரப்பட்டுக் கொட்டினால் பாதி வழியில் அடைத்துக்கொள்ளும். சந்து காய்ந்திருந்தால் கொஞ்சம் தண்ணீரும் விடுங்கள். சில மணி நேரம் ஊறட்டும்.

அதற்கு மேலே சிமெண்ட் பால். 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர் தண்ணீர், மணல் வேண்டாம். சந்தில் நுழையும் அளவுக்கு மெல்லிய ஓஸ் கிடைத்தால் அதை அடிவரை விட்டு, சிமெண்ட் ஏற ஏற ஓஸை மேலே இழுங்கள். ஒரே மூச்சில் மேல்வரை நிரப்பாதீர்கள். சிமெண்ட் இறுகும்போது சூடு கிளம்பும், பி.வி.சி. பைப் அந்தச் சூட்டில் இளகும், வெளியிலிருந்து சிமெண்ட்டின் பாரமும் அழுத்தினால் உள்பக்கமாக நசுங்கிவிடும். 10 அடி ஊற்றி, அது இறுகிய பிறகு அடுத்த 10 அடி என்று போங்கள். கணக்குப்படி நிரம்ப வேண்டியதைவிட மிக அதிகமாகச் சிமெண்ட் குடிக்கிறது என்றால் உடைப்புக்கு வெளியே குகை மாதிரி வெற்றிடம் இருக்கிறது. அதுவும் நிரம்ப வேண்டியதுதான், விட்டுவிடாதீர்கள். முடிந்த பிறகு இரண்டு நாளாவது தொடாமல் விட்டு, அப்புறம் ஃப்ளஷிங் செய்து உள்ளே சேர்ந்திருக்கும் பழைய சேற்றை வெளியேற்றுங்கள்.

கடற்கரை மணல், டெல்டா வண்டல் பகுதிகளில் போர் முழுக்க கேசிங்கும் அடியில் ஃபில்ட்டர் பைப்பும் இருக்கும். அங்கே இந்த முறையை அப்படியே செய்தால் ஃபில்ட்டரையே அடைத்துவிடுவீர்கள். அந்த ஊர்களில் மணல் போர் போடுகிற ஆட்களிடமே கேளுங்கள்.

கிருமி நீக்கம்

திறந்து வேலை செய்த போரில் கிருமி இல்லாமல் இருக்காது. ஆறரை இஞ்ச் போரில் ஒரு அடி உயரத்துக்கு ஏறக்குறைய ஆறரை லிட்டர் தண்ணீர் நிற்கும், நாலரை இஞ்ச் போரில் சுமார் 3.2 லிட்டர். ஆறரை இஞ்ச் போரில் 200 அடி தண்ணீர் நின்றால் 1300 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு 300 கிராம் பிளீச்சிங் பவுடர் என்று வைத்தால் 400 கிராம் போதும். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கிய பிறகு தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள். மோட்டாரை ஓட்டி, வரும் தண்ணீரை ஓஸ் மூலம் அதே போருக்குள் அரை மணி நேரம் சுற்ற விட்டால் மருந்து அடிவரை கலந்து, கேசிங் சுவரும் கழுவப்படும். ஒரு நாள் அப்படியே விட்டு, பிறகு குளோரின் வாடை போகும் வரை இறைத்து வெளியே விடுங்கள். செடிக்கோ மீன் உள்ள குளத்துக்கோ விடக்கூடாது. மூக்கையும் கையையும் மூடிக்கொண்டு செய்யுங்கள், ஆசிட் எதையும் அதோடு சேர்த்துவிடாதீர்கள்.

ஒரு வாரம் கழித்துத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் ஆய்வகங்கள் உண்டு. கிருமிப் பரிசோதனைக்கு அவர்கள் சொல்லும் சுத்தமான பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும். 100 மில்லி தண்ணீரில் ஈ-கோலை ஒன்றுகூட இருக்கக்கூடாது என்பதுதான் குடிநீர்த் தர அளவு.

போரைக் கைவிடுவதாக இருந்தால்

சில போர்களைக் காப்பாற்ற முடியாது. அப்போது திறந்தபடியோ, கல்லை வைத்து மூடியோ ஒரு நாள்கூட விடாதீர்கள். 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் கைவிடப்பட்ட ஆழ்துளைக் குழிக்குள் இரண்டு வயதுக் குழந்தை விழுந்ததையும், நான்கு நாள் போராடியும் காப்பாற்ற முடியாமல் போனதையும் நாம் எல்லோரும் டி.வி. முன்னால் உட்கார்ந்து பார்த்தோம். கைவிட்ட போரை அடியிலிருந்து தரைமட்டம் வரை களிமண், மணல், கூழாங்கல் போட்டு முழுதாக நிரப்ப வேண்டும் என்று 2010-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பழுது பார்க்கும் நாட்களிலும் ராத்திரி வேலை முடிந்து ஆட்கள் போகும்போது, வாயில் இரும்பு மூடி போட்டு போல்ட் முடுக்கிய பிறகே அனுப்புங்கள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தால், உள் கேசிங் எத்தனை அடி, பம்ப் எத்தனை அடி, எந்தத் தேதி என்பதை ஸ்டார்ட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் பெயிண்டால் எழுதி வையுங்கள். அப்புறம் முதல் பெருமழை வரை காத்திருங்கள். மழை விட்ட மறுநாள் காலை, ஒரு கண்ணாடி பாட்டிலில் போர்த் தண்ணீரைப் பிடித்து ஜன்னல் ஓரம் ஒரு ராத்திரி அசையாமல் வையுங்கள். மறுநாள் அடியில் செம்மண் கோடு படியவில்லை என்றால் அடைப்பு பிடித்திருக்கிறது. கோடு தெரிந்தால் சிமெண்ட் எங்கோ விட்டிருக்கிறது, மறுபடி கேமராவைக் கூப்பிடுங்கள்.